சிங்காரி பிடுங்காது

“நல்ல கையி வாணாங்க. மக்கர் பண்ற கையால குடுங்க, அவ வாங்கிக்குவா!”

தைலம்மாள் பொறை ரொட்டியை ஒடித்து, வீரமுத்துவின் மரத்துப்போன வலக்கைக்குள் வைத்து, விரல்களை மடக்குகிறாள். மரக்காணத்துக் கடலில் வலை இழுத்த கை. பக்கவாதம் வந்து சுருண்டுவிட்டது. எதிரே ஒரு காது மடிந்த செவலை நாட்டு நாய், சிங்காரி. எச்சில் ஒழுகுமே தவிர, பிடுங்காது. விரல் தானாகத் திறக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப் பார்த்தால் எந்த மனுஷன்தான் சும்மா இருப்பான்?

திண்டிவனத்தில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் தைலம்மாள் ஆயா. வாசலில் கிடந்த சிங்காரியை உள்ளே கூப்பிட்டுப் பழக்கச் சொன்னவர் டாக்டரம்மா கலைப்பிரியா. அன்றிலிருந்து தைலம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. தன் தலையில் எண்ணெய் இருக்காது. சிங்காரிக்குச் சனிக்கிழமை தவறாமல் சீயக்காய்க் குளியல். வெண்கலத் தொண்டை வேறு. யாராவது கண் கலங்கினால் தெருவுக்கே கேட்கும்: “அழுவாதீங்க, அவ பேஜாராயிடுவா!” அழுதவர்கள் சிரித்துவிடுவார்கள். சிங்காரி வந்து அவர்கள் மடியில் மோவாயை வைத்துக்கொள்ளும்.

ஊரார் கையையெல்லாம் திறக்க வைக்கிற மகராசியின் பாச்சா சொந்த வீட்டில் மட்டும் பலிக்கவில்லை. புருஷன் துரைக்கண்ணு பெருமுக்கல்லில் மல்லாட்டை பயிரிட்டவர். போன வருஷம் அவருக்கும் இதே வாதம், இதே வலக்கை. நிலையத்துக்கு வரமாட்டார். சிங்காரியை வீட்டுக்குக் கூட்டி வந்து அருகில் விட்டால் சீறுவார்.

“நாயி முன்னாடி கைய நீட்டிக்கினு குந்தணுமா? போமே அப்பால!”

சோறு அவள்தான் ஊட்டுகிறாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே விழுங்குவார். “அந்தாளு தன் கையால ஒரு வாய் அள்ளித் துன்னா போதும், எனக்கு வேற இன்னா வேணும்?” என்று டாக்டரம்மாவிடம் சொல்லும்போது மட்டும் அவள் குரல் இறங்கிவிடும். பாவம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிங்காரியை வீட்டில் விட்டுவிட்டுக் கேப்பை அரைக்கப் போனாள். மில்லில் கரண்டு இல்லை. போன வேகத்தில் திரும்பி வந்து வாசலில் கால் வைத்தவள், ஜன்னல் வழியே பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். கட்டிலில் துரைக்கண்ணு. இடக்கையால் ஒரு பொறையை வலக்கைக்குள் திணித்து, சிங்காரியிடம் நீட்டிக்கொண்டிருந்தார்.

“ஜல்தியா வாங்கிக்கோம்மா. அவ வந்துடப் போறா.”

சிங்காரி பிடுங்கவில்லை. அவர் முகத்தையே பார்த்தது. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. ஒரு விரல் அசைந்தது. இன்னொன்று மெல்லப் பிரிந்தது.

தைலம்மாள் சத்தமில்லாமல் பின்வாங்கித் தெருவுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள் எட்டிப் பார்த்து, “இன்னா தைலம், அதுக்குள்ள அரைச்சிட்டியா?” என்று கேட்டாள்.

அந்த வெண்கலத் தொண்டைக்காரி உதட்டில் விரலை வைத்து, தலையை ஆட்டி, கேப்பைப் பையை மடியில் வைத்துக்கொண்டு, நட்ட நடு வெயிலில் தெருவோரமாகக் குந்திக்கொண்டாள்.