ஸ்ரீமதியின் ஐந்து விநாடி

மேலகரத்தில் ஸ்ரீமதி என்ன வேலை பார்க்கிறாள் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. "வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணுதா" என்பதோடு சரி. அவளும் ஒரு காலத்தில் விளக்கிப் பார்த்தவள்தான். ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் செருகினால் அது உடனே கண்டுகொள்கிறதல்லவா, பிடுங்கினால் போய்விட்டது என்று புரிந்துகொள்கிறதல்லவா, அப்படி வருவதையும் போவதையும் கவனிக்க உள்ளே ஒரு புரோகிராம் உண்டு, அதற்கு டிரைவர் என்று பெயர், அதை எழுதுகிற ஆள் நான் என்பாள். எதிர்வீட்டுக்காரி மிகுந்த அக்கறையோடு, "எந்த ரூட்டு?" என்று கேட்ட நாளோடு விளக்கம் சொல்வதை நிறுத்திக்கொண்டாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெங்களூரில் இருந்தபோது அவள் எழுதிய டிரைவர் ஒன்று உண்டு. பெரிய சர்வர்களில் டிஸ்க் பெட்டிகளை மெஷினை நிறுத்தாமலே கழற்றி மாட்டுவதற்கானது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற ஓர் இயங்குதளத்தின் அடிமடியில், கெர்னல் என்கிற இடத்தில், அது போய் உட்கார்ந்துகொண்டது. ஆயிரத்து நானூறு வரி. முதல் வரியில் அவள் பெயர்.

பிறகு கணவன் முத்துகுமரனுக்கு மாற்றலாகி இங்கே வந்தார்கள். பெங்களூர் வேலை போனது, பதவி போனது, கூட வேலை பார்த்தவர்களின் போன் அழைப்புகள் குறைந்து நின்றே போயின. அந்தப் பெயர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. எங்கோ முகம் தெரியாத ஊரில் ஒரு மெஷின் தன் பெயரைச் சுமந்துகொண்டு ஓடுகிறது என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத பெருமை வேறு.

ஜூன் மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கி சாரல் விழுந்துகொண்டிருந்தபோது, அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது. உங்கள் டிரைவரில் கோளாறு இருக்கிறது, பெட்டியைக் கழற்றி மாட்டினால் சில நேரம் மெஷினே உறைந்துவிடுகிறது, நான் புதிதாக ஒன்று எழுதியிருக்கிறேன், பழையதை எடுத்துவிட்டு இதை வைக்கச் சம்மதமா என்று இத்ரீஸ் என்று ஒருவர் எழுதியிருந்தார். உலகம் பூராவும் ஆள் இருக்க, அவர் பக்கத்து ஊரான வடகரைக்காரராகவா இருந்து தொலைக்க வேண்டும்! இப்போது ஷார்ஜாவில் வேலை. மரியாதையான மனிதர், வரிக்கு ஒரு மேடம் போட்டிருந்தார். அதுவே அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஸ்ரீமதி சம்மதித்தால் பழையது போகும். மறுத்தால் புதியது கிடப்பில் கிடக்கும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். மேஜைக்குக் கீழே சோதனைக்கென்று வைத்திருந்த மெஷினில் டிஸ்க் பெட்டியின் கேபிளை நானூறு தடவை கழற்றி மாட்டிப் பார்த்தாள். ஒரு தடவைகூட உறையவில்லை. 'கோளாறு உங்கள் பெட்டியில்தான்' என்று எழுதி, அனுப்பாமல் வைத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் குளித்துவிட்டு வந்தபோது சோதனை மெஷின் உறைந்து கிடந்தது. புதன்கிழமையும் அப்படியே. கரண்ட் கோளாறு, ஈரக் காற்று என்று எதையெதையோ நினைத்தாள். வியாழக்கிழமையும் உறைந்தபோதுதான் மெஷின் கடைசியாக எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்தாள். ஒன்பது முப்பத்தொன்றுக்குப் பெட்டி கழன்றிருக்கிறது. இரண்டே விநாடியில் திரும்பச் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று விநாடி கழித்து எல்லாம் நின்றிருக்கிறது.

ஒன்பதரைக்கு அந்த அறையைத் துடைப்பது உலகம்மாள். காலையில் இங்கே வேலை, பதினோரு மணிக்கு மேல் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம் துடைக்கிற வேலை.

"உலகம்மாக்கா, அந்த மெஷினைத் தொட்டீங்களா?"

"நான் அது பக்கமே போகலம்மா."

"திட்டுறதுக்குக் கேக்கலக்கா."

"சத்தியமா தொடலம்மா!" என்றவள், கையிலிருந்த மாப்பைப் பிழிந்துகொண்டே இருந்தாள். பிழிவதற்கு அதில் தண்ணீரே இல்லை. பிறகு உடைந்துவிட்டாள். "மாப்பு இடிச்சு வயரு லேசாக் கழண்டுட்டும்மா. வெளக்கு அணைஞ்சிட்டு. பதறிப்போய் ஒடனே சேத்து வச்சிட்டேன்லா. வெளக்கும் எரிஞ்சிட்டு. எரியுதே, சரியாப் போச்சுன்னு சொல்லாம இருந்துட்டேன். முந்தி ஒரு வீட்டுல டிவி வெடிச்சதுக்கு என்னைய நிப்பாட்டிட்டாவ."

"எங்க, அதே மாதிரி இன்னொருக்கா செய்யுங்க."

பயந்து பயந்துதான் செய்தாள். ஆனாலும் பழகிய கை. இழுத்த வேகத்திலேயே செருகிவிட்டது. ஸ்ரீமதி மனசுக்குள் எண்ணினாள். ஐந்தாவது விநாடியில் மெஷின் உறைந்தது. மூன்று தடவை செய்யச் சொன்னாள். மூன்று தடவையும் உறைந்தது.

நானூறு தடவையும் தன் கையில் கோளாறு ஏன் வரவில்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பெட்டி போனதும் ஐந்து விநாடி பொறுத்துத்தான் அவளுடைய டிரைவர் அதன் இடத்தைச் சுத்தம் செய்யும். எழுதினவள் கைக்கு அது தெரியும். கழற்றிவிட்டு, தன்னையறியாமல் ஒவ்வொரு தடவையும் அந்தக் கை காத்திருந்திருக்கிறது.

"ஒங்க லாட்ஜ் மாதிரிதான்க்கா" என்றாள். "பன்னெண்டாம் நம்பர் காலின்னு சொல்லிட்டாங்க. நீங்க மாப்போட வர்றதுக்குள்ள புதுசா ஒரு குடும்பம் வந்து எறங்கியாச்சு. உங்ககிட்ட யாரும் சொல்லல. நீங்க போயி அவங்க பெட்டியையும் துணியையும் வாரி வெளிய போட்டா?"

"ஆள யாருன்னு பாக்காம ரூம் நம்பர மட்டும் பாத்தா அப்படித்தான் ஆவும்" என்றாள் உலகம்மாள்.

அதேதான். இத்ரீஸ் தன் டிரைவரில் வருகிற ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அடையாளம் கொடுத்திருந்தார். ஸ்ரீமதியின் ஆயிரத்து நானூறு வரியும் ரூம் நம்பரை நம்பி நின்றவை. ஒட்டுப் போட்டுச் சரிசெய்கிற காரியம் இல்லை.

இன்னொன்றும் இருந்தது. பெங்களூரில் அந்த டிரைவரை ஒப்படைக்க இரண்டு நாள் இருக்கும்போது, இதே மாதிரி ஒரு தடவை மெஷின் உறைந்ததை அவள் பார்த்திருக்கிறாள். காரணம் தேட நேரமில்லை. சுத்தம் செய்வதற்கு முன் ஐந்து விநாடி பொறு என்று ஒரு வரியைச் சேர்த்தாள். அப்புறம் அவள் சோதித்தவரை உறையவில்லை. ஏன் அந்த வரி என்று எங்கேயும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை. காலப்போக்கில் தானே மறந்தும் போனாள். மறந்ததாக நினைத்துக்கொண்டாள் என்பதுதான் சரி.

வெள்ளிக்கிழமை காலை பதிலை எழுதினாள். பழையதை நீக்கச் சம்மதம். 'அந்தக் காலத்தில் இப்படியொரு நிலைமையை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது' என்று ஒரு வாக்கியம். நல்ல வாக்கியம்தான், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கோளாறைக் கண்டுபிடித்தவர் பெயரைக் கீழே போடுவது அங்கே வழக்கம். உலகம்மாள் என்று டைப் அடித்துவிட்டு, எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"அக்கா, உங்க இனிஷியல் என்ன?"

"எதுக்கும்மா? கேஸு கீஸு ஆயிட்டா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. தப்பக் கண்டுபிடிச்ச ஆளு பேரப் போடணும். நீங்கதான கண்டுபிடிச்சீங்க?"

உலகம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இ போடுங்க. எங்க வீட்டுக்காரவுக பேரு இசக்கிமணி." சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று கேட்டாள்: "அப்ப, தப்புப் பண்ணுன ஆளு பேரையும் போடுவாவளோ?"

"போடுவாங்க. அது நான்தான்."

உலகம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள். "விடுங்கம்மா. நீங்க என்னைய மாதிரியா? தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பிய."

ஸ்ரீமதி திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அந்த நல்ல வாக்கியத்தை எழுத்து எழுத்தாக அழித்துவிட்டு, அந்த இடத்தில் எழுதினாள்: 'இதை நான் ஒன்பது வருஷத்துக்கு முன்பே பார்த்தேன். ஐந்து விநாடி வைத்து மூடினேன். சொல்லவில்லை.'