கீழ்வீட்டுக் கதவும் ஒரு நேர்த்தியும்

நான் நிறைய வாசிக்கிறவன். எண்பதுகளின் கடைசியில் ஊரைவிட்டு வெள்ளைக்காரர் நாட்டுக்கு வந்து ஆர்ச்வேயில் நாங்கள் மாடியில் வாடகைக்கு இருந்தபோது, என் அலுமாரியில் ஒரு தட்டு முழுக்க ஐரோப்பிய வதைமுகாம்களைப் பற்றிய புத்தகங்கள்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டுத் தேநீரை அவசரமாகக் குடித்து முடிப்பார்கள். கீழ்வீட்டில் தனியாக இருந்த அம்மையார் அப்படியொரு முகாமிலிருந்து மீண்டவர் என்பதும் எனக்குத் தெரியும். சட்டைக் கை மேலேறினால் முன்கையில் அங்கே பச்சை குத்திய எண் தெரியும். இவ்வளவும் தெரிந்த மனிதன் செய்த வேலையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் மகளுக்கு அப்போது நாலு வயது. நானும் மனைவியும் ஷிப்டில் வேலை. நேர்சரி விட்டதும் நாலரை மணியிலிருந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் அந்த அம்மையார். மகள் அவரை 'அன்ரி' என்பாள். எங்களைவிட அவரிடம்தான் அதிகம் கதைப்பாள்.

அந்தக் குளிர்காலம் மகளுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் மனைவி முருகனுக்கு நேர்த்தி வைத்தாள்: பிள்ளை எழும்பினால் மொட்டை. பிள்ளை எழும்பிவிட்டாள். ஊரில் கொண்டுபோய் மொட்டை அடிக்கலாமென்றால் ஊரில் சண்டை. ஆகவே தெருமுனையிலிருந்த சைப்பிரஸ்காரரின் சலூனுக்குக் கூட்டிப்போனேன். தலையில் பேன் பிடித்துவிட்டதா என்று அவர் மூன்று முறை கேட்டார். கடவுளுக்காக என்றேன். பரிதாபமாக ஒரு தலையைப் பார்த்தார். பிள்ளையின் தலையை அல்ல.

பிறகு மேட்டிலுள்ள முருகன் கோவிலில் சந்தனம் பூசி, அர்ச்சனை முடித்து வீடு வந்தோம். மகளுக்குப் பெருமை தாங்கவில்லை. மாடிப்படியில் கால் வைக்காமல் நேரே கீழ்வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"அன்ரி, லுக்!"

கதவு திறந்தது. அம்மையார் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் தன் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னுக்குப் போனார். கதவு மூடியது. பூட்டு, சங்கிலி, பிறகு கனமான ஏதோ ஒன்றை இழுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் சத்தம்.

அந்தக் கணத்தில்தான், என் அலுமாரித் தட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த நாளும் கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த நாள் அவருடைய மகள் வந்து, ஜன்னல் வழியாகத் தாயோடு கதைத்துவிட்டு, படியில் என்னைப் பிடித்தார்.

"முகாமில் அம்மாவையும் சித்தியையும் ஒரே நாளில், ஒரே வரிசையில் வைத்து மொட்டை அடித்தார்கள். முடிந்து நிமிர்ந்தபோது அம்மாவுக்குத் தங்கையைத் தெரியவில்லை. பக்கத்திலேயே நின்றவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடியிருக்கிறார்."

அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். பின்னல் இடுப்புக்குக் கீழே கிடந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

"பதினைந்து வயதில் ஒருமுறை கத்தரித்தேன். அது வளரும்வரை அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மயிரைக் காயவைக்க ஒன்றரை மணித்தியாலம். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது." பின்னலைத் தூக்கிக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு இனிக் கதவு திறக்குமென்று நான் நம்பவில்லை."

அன்றிரவே மன்னிப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். நாலு பக்கம். முடி காணிக்கையின் தத்துவம், பல சமயங்களில் அதன் இடம், இரண்டு அடிக்குறிப்புகள். மனைவி வாசித்துவிட்டு நாலாக மடித்துக் குப்பையில் போட்டாள்.

"இஞ்சேருங்கோ, என்ரை தம்பி ஊரில ஆமி பிடிச்சு, காம்பில அடிவாங்கி வந்தவன். இண்டைக்கும் ஆரும் பெல்ட்டைக் கழட்டினா எழும்பி வெளியில போயிடுவான். அது தெரிய நான் எந்தப் புத்தகத்தை வாசிச்சனான்?"

"நேர்த்தி வச்சது நீர்தானே?"

"ஓம், நான்தான். என்ரை புத்தியும் உங்கடை புத்தியும் ஒரே கடையில வாங்கினது."

மகள் மேசைக்கடியிலிருந்து கேட்டாள்: "அன்ரிக்கு என்னில கோவமோ?"

முருகன் காப்பாற்றித் தந்த பிள்ளை தானொரு பிழை என்று நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

தொப்பி போட்டுக் கூட்டிப்போவோமா என்றேன். "ஒளிச்சுக்கொண்டு போறதெண்டா போகாதேங்கோ," என்றாள் மனைவி. பிறகு அவளே சொன்னாள். "அவ பாக்க வேண்டாம். குரலைக் கேக்கட்டும். அதே பிள்ளைதான் எண்டு தெரியட்டும்."

நான் ஷிப்டை மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் நாலரைக்கு நானும் மகளும் கீழ்ப்படியில் உட்காருவோம். கதவைத் தட்டமாட்டோம். மகள் நேர்சரிப் பாட்டைப் பாடுவாள், யார் யாரைக் கடித்தார்கள் என்று கதவுக்குச் செய்தி சொல்வாள். எனக்குப் படியின் குளிரில் முதுகு பிடித்துக்கொண்டது. அரை மணித்தியாலம் முடிந்ததும் "அன்ரி, நாளைக்கு வாறன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மேலே போவோம். ஆறாம் நாள், இது அந்த மனிசிக்குத் தொல்லை, விட்டுவிடுவோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

"தொல்லையெண்டா அவ சொல்லுவா. அவவுக்கு வாய் இருக்கு. நீங்கள் இருங்கோ."

இருந்தோம்.

ஒன்பதாம் நாள், பாட்டின் நடுவே, முட்டுக்கொடுத்த சாமான் உள்ளே நகரும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அடுத்த நாள் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள் கதவு சங்கிலி விட்ட அளவுக்குத் திறந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. முகத்தை அவர் மற்றப் பக்கம் திருப்பிவைத்திருந்தார் போல. மகள் தானாகவே தலையைக் கொடுத்தாள். விரல்கள் முள்ளுமுள்ளாக நின்ற மயிரில் மெதுவாகப் போயின. உச்சி, காதுக்குப் பின், பிடரி.

மகளின் பெயரைச் சொன்னார், கேள்வியாக.

"யெஸ், அன்ரி."

இன்னொருமுறை கேட்டார். இன்னொருமுறை சொன்னாள்.

சங்கிலி கழன்றது. மகள் உள்ளே போனாள். நானும் முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். கதவு என் முகத்துக்கு நேரே மூடிக்கொண்டது.

எனக்கு அது திறக்க மேலும் இரண்டு மாதம் எடுத்தது. நியாயமான தண்டனை. நாலரைக்கு மகளை வாசலில் விட்டுவிட்டு, ஐந்தரைக்கு வந்து படியில் நின்றேன், ஒருநாளும் பிந்தாமல்.