ஓஸ்ட்ஸே கரைக்குப் பழைய படகு பார்க்கப் போனது

இந்தப் பக்கத்தில் எங்களுடைய படகைப் பற்றி முன்பு ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள்: குடும்பத்தோடு கரையோரம் மீன்பிடிக்க ஒரு சின்னப் படகு வேண்டும், புதிது கட்டுப்படியாகாது, பழையதில் எதைப் பார்த்து வாங்குவது? வாழ்நாளில் நான் வாங்கியது ஒரே ஒரு படகுதான். அதுவும் தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியில் மார்க் காசு புழங்கிய காலத்தில். ஆகவே விலைகள் இப்போது உதவாது. மற்றவை உதவும் என்று நினைத்து எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் டோர்ட்மண்டில் இருந்தோம். அகதி வழக்கு முடிந்து விசா கைக்கு வந்த வருடம். அதுவரை பதிவு செய்த மாவட்டத்தைத் தாண்டுவதற்கே அனுமதி கேட்க வேண்டும். இனிக் கேட்கத் தேவையில்லை என்று ஆனதும் எங்கள் சனம் பாரிசுக்கும் சுவிசுக்கும் சொந்தக்காரர் வீடு பார்க்கப் போனது. என் கணவர் குணா மட்டும், "கடலுக்குப் போவம், ஒரு படகு பாப்பம்" என்றார்.

இதில் ஒரு பகிடி இருக்கிறது. நான் மன்னார்க் கரையில் பிறந்தவள். அப்பாவுக்குச் சொந்தப் படகு இருந்தது. குணாவோ யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. வெங்காயத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். தண்ணீர் என்றால் அவருக்குக் கிணறுதான். அகதி விடுதியின் ஒரே சமையலறையில் சந்தித்திருக்காவிட்டால் எங்கள் இரண்டு வீட்டாரும் ஒரு பந்தியில் இருந்திருக்கவே மாட்டார்கள். இந்த மனிதர்தான் குளிர்காலம் முழுவதும் வகுப்புக்குப் போய், மீன்களின் ஜெர்மன் பெயர்களைப் பாடமாக்கி, மீன்பிடிப் பரீட்சையில் தேறி வந்தார். அதில் தேறி அனுமதித் தாள் எடுக்காமல் இந்த நாட்டில் தூண்டில் போட முடியாது. அவர் தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது, "மீன்காரன்ரை மகள் வீட்டில, வெங்காயக்காரருக்குச் சேர்ட்டிபிக்கற்" என்று சிரித்தேன். இந்த ஆசை அவருக்கு ஏன் வந்தது என்று கேட்கவில்லை. ஆண்களுக்கு ஒரு வயதில் வருகிற கிறுக்கு என்று விட்டுவிட்டேன்.

எனக்கும் ஓர் ஆசை இருந்தது. அதை யாருக்கும் சொன்னதில்லை. எங்கள் கரையில் தொழிலுக்குப் போகும் படகில் பெண்கள் கால் வைப்பதில்லை. வலையிலிருந்து மீன் கழற்றுவோம், தரம் பிரிப்போம், விற்போம், கருவாடு போடுவோம். படகு திரும்பும் நேரம் கரையில் போய் நிற்போம். படகு மணலைத் தட்டும்வரை ஒருவரும் வாய் திறந்து கூப்பிடுவதில்லை. கயிறு கைக்கு வந்த பிறகுதான் முதல் கேள்வி: "என்ன பாடு?" பாடு என்றால் அன்றைக்கு அகப்பட்ட மீன். இருபத்திரண்டு வயதுவரை நான் அப்படி நின்றவள். படகு கரைக்கு வருவதை எத்தனையோ நூறு தடவை பார்த்திருக்கிறேன். படகிலிருந்து கரை எப்படித் தெரியும் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

நாட்டை விட்டு வந்த அன்று படகில் ஏறினேன்தான். ஆனால் அது இருட்டு. எங்களைப் படுக்கவைத்து, படங்கு என்கிற தார்ப்பாயால் மூடிவிட்டு, தலையைத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். என் கரையைத் திரும்பிப் பார்க்காமலே வந்துவிட்டேன். பகல் வெளிச்சத்தில், ஒரு படகில் இருந்துகொண்டு, ஒரு கரையைப் பார்க்க வேண்டும். சொன்னால் சின்ன விஷயம். எனக்கு அது பசி மாதிரி இருந்தது.

மே மாதம், ஆண்டவருடைய விண்ணேற்றத் திருநாள் விடுமுறை. பூசைக்குப் போகாமல் படகு பார்க்கப் போவதைப் பாதருக்குச் சொல்லவில்லை. காலை நாலரைக்குப் புறப்பட்டோம். குணா, நான், ஒன்பது வயது ஜெனி, நாலு வயது அன்ரன், வழியில் சாப்பிட ஒரு பெட்டி நிறைய மீன் ரோல்ஸ். டோர்ட்மண்ட் பக்கத்தில் A1 நெடுஞ்சாலையில் ஏறினால் பிரேமன், ஹம்பேர்க், லூபெக் என்று ஓஸ்ட்ஸே பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். பால்டிக் கடலுக்கு இங்கத்தைய பெயர் ஓஸ்ட்ஸே. ஹைலிகன்ஹாஃபன் வரை ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீற்றர், எங்கள் பழைய காருக்கு ஒரு தாங்கி பெற்றோல், அன்றைய விலையில் எண்பது மார்க். வடகடல் இன்னும் கிட்டத்தான். ஆனால் அங்கே வற்றும் பெருக்கும் அதிகம், தண்ணீர் வடிந்தால் படகு சேற்றில் குந்திவிடும். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஓஸ்ட்ஸேதான் நல்லது.

முதல் படகு நொய்ஸ்டட் பக்கத்தில், ஒரு தனியார் முற்றத்தில், இழுவைவண்டி மேல் நின்றது. வெள்ளை நிறம், ஐந்தரை மீற்றர் நீளம், சின்ன அறை, அறை யன்னலுக்கு நீலத் திரை. குணா அந்தத் திரையைக் கண்டதும் அதற்கு மயங்கிவிட்டார். மீசைக்காரர் ஒருவர் ஆறாயிரத்து ஐந்நூறு மார்க் என்றார். ஏணியைச் சாத்தி, "பிற்ற", தயவுசெய்து, என்று எங்களை ஏறச் சொன்னார். குணா ஏறினார், பிள்ளைகள் ஏறினார்கள். நான் செருப்பைக் கழற்றினேன். அதற்குமேல் கால் எழும்பவில்லை. யோசித்துச் செய்தது இல்லை. படகென்றால் கீழே நிற்கவேண்டும் என்று என் காலுக்குப் பழக்கம்.

அவர் இன்னும் இரண்டு தடவை "பிற்ற" சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு படகின் அடியைப் பார்த்தபடி நின்றேன். எனக்குப் படகு பிடிக்கவில்லை என்று மனிதர் நினைத்துவிட்டார் போல. ஆறாயிரம் என்றார். நான் அப்படியே நின்றேன். கொஞ்ச நேரத்தில் ஐயாயிரத்து எண்ணூறு என்றார். குணா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"எப்பிடியப்பா இதைச் செய்யிறீர்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப அப்பிடியே ஒண்டும் செய்யாமல் நில்லும்!"

ஆனால் கீழே நின்றதில் ஒரு லாபம், அடியை நன்றாகப் பார்த்தேன். பின்பக்கம் ஓரிடத்தில் மட்டும் புதுப் பூச்சு. விரல் மடக்கித் தட்டினால் மற்ற இடமெல்லாம் 'டக் டக்', அந்த இடத்தில் ஈரப்பலகையைத் தட்டுகிற மாதிரி ஒரு செத்த சத்தம். பழைய பிளாஸ்ரிக் படகுகளில் உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் அப்படித்தான் கேட்கும். பூச்சு எல்லா இடமும் பழையதாக இருந்தால் பயப்படாதீர்கள், ஓரிடம் மட்டும் புதிதாக இருந்தால் பயப்படுங்கள். அதைவிட, அந்த அறை படகில் பாதியைத் தின்றிருந்தது. நாலு பேர் தூண்டிலோடு எங்கே நிற்பது? இயந்திரமும் முப்பது குதிரைவலு. ஐந்துக்கு மேல் போனால் படகோட்ட இன்னொரு பரீட்சை, இன்னொரு தாள். இதையெல்லாம் குணாவுக்குத் தமிழில் சொன்னேன். திரையை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

அங்கிருந்து வடக்கே போகும் வழியெல்லாம் கடுகுப் பூ மாதிரி ஒரு மஞ்சள் வயல். ராப்ஸ் என்பார்கள், எண்ணெய்க்குப் போடுவது. வழியில் நிறுத்தி ரோல்ஸ் சாப்பிட்டோம். குணா மண்ணைக் கிள்ளிப் பார்த்து, வெங்காயம் நன்றாக வரும் என்றார்.

இரண்டாவது படகு ஹைலிகன்ஹாஃபனுக்குக் கொஞ்சம் வெளியே, சின்ன மரத்துறையில், தண்ணீரிலேயே கட்டியிருந்தது. பத்திரிகை விளம்பரத்தில் பார்த்தது. சொந்தக்காரி எல்ஃபி என்று ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், றப்பர் சப்பாத்து, கம்பளித் தொப்பி. முழங்கால் வருத்தத்தால் படகை விற்கிறார். அவருடைய கரையோரப் பேச்சு எனக்குப் பாதிதான் விளங்கியது. மிச்சத்தை ஜெனி மொழிபெயர்த்தாள். திறந்த படகு, நாலரை மீற்றர், ஐந்து குதிரைவலு, கீறலும் கறையுமாக ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. விலை இரண்டாயிரத்து எண்ணூறு.

நான் படகை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த வாளியைப் பார்த்தேன். உள்ளே மீன்கள், நீண்ட மூக்கு, வெள்ளி உடம்பு. ஜெர்மன்காரர் ஹோர்ன்ஹெக்ட் என்கிறார்கள். ராப்ஸ் பூக்கும் காலத்தில் கரைக்கு வருமாம்.

"முரல்!" என்று கத்திவிட்டேன். "இஞ்சருங்கோ, முரல்! முள்ளு பச்சையா இருக்கும், பாருங்கோ!"

எல்ஃபி கத்தியால் ஒன்றை வகிர்ந்து காட்டினார். பச்சை முள். நஞ்சு என்று பயந்து சிலர் எறிந்துவிடுவார்களாம். எங்கள் வீட்டில் முரல் வந்த நாளில் வேறு கறி தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பச்சையை நான் பார்க்கவில்லை.

ஏறுங்கள், ஓட்டிக் காட்டுகிறேன் என்றார் எல்ஃபி. நான் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் நின்றேன். என்ன என்று கேட்டார். எங்களிடத்தில் பெண்கள் ஏறுவதில்லை என்று ஜெனியைச் சொல்லவைத்தேன். எல்ஃபி உடம்பு குலுங்கச் சிரித்தார்.

ஜெனி சொன்னாள்: "இஞ்சையும் கிழவன்மார் அப்பிடித்தான் சொல்லுறவையாம், அம்மா. பொம்பிளை ஏறினால் கெட்டது வருமாம். இவ முப்பது வருசமா ஏறுறாவாம். கெட்டது மீனுக்குத்தான் வந்ததாம்."

"ஏறுமப்பா" என்றார் குணா.

"நீங்கள்?"

"எனக்கு ஏலாது. சத்தி வரும். டோர்ட்மண்ட் கனாலில படகுச் சவாரி போய் வயித்தைக் குமட்டிச் சத்தி எடுத்தது மறந்திட்டீரே? நான் தம்பியோட கரையில நிக்கிறன்."

"அப்ப ஆருக்கு இந்தப் படகு?"

அவர் அன்ரனின் சட்டைக் கழுத்துப் பொத்தானைப் பூட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீர் நித்திரையில கேக்கிறனீர். 'தலையைத் தூக்கவோ, தலையைத் தூக்கவோ' எண்டு. நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

நான் ஏறிவிட்டேன். எப்படி ஏறினேன் என்று ஞாபகம் இல்லை.

எல்ஃபி எனக்கும் ஜெனிக்கும் மிதவைச் சட்டை போட்டுவிட்டார். இயந்திரம் இரண்டாவது இழுப்பில் பிடித்தது. பக்கத்தில் ஒரு துளையால் தண்ணீர் பீச்சியது. அது பீச்ச வேண்டும், பீச்சாவிட்டால் சூடாகி நின்றுவிடும். கால்மணி நேரம் ஓடியும் அடியில் தண்ணீர் சேரவில்லை. மீன்பிடித் தாள் வைத்திருந்த ஆள் கரையில் நின்றதால் தூண்டிலை எல்ஃபிதான் விட்டார், ஒரு முரல் அகப்பட்டது. இதெல்லாம் உங்களுக்காக ஞாபகப்படுத்தி எழுதுகிறேன். அன்றைக்கு நான் இதில் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. எல்ஃபி படகைத் திருப்பினார். நான் தலையைத் தூக்கினேன்.

மஞ்சளாக ஒரு பட்டை, அதற்குக் கீழே கொஞ்சம் மணல், சிவப்புக் கூரைகள், ஒரு கோயில் கோபுரம். துறையில் இரண்டு பேர். ஒரு பெரியது, ஒரு சின்னது. நகக்கண் அளவுதான். அப்பா ஒவ்வொரு நாளும் பார்த்தது இதுதான். நாங்கள் அவரைப் பார்த்து நின்றோம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவரும் எங்களைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறார். நாங்கள் படகு பார்க்கப் போன அந்த வருடங்களில் யுத்தத்தால் எங்கள் பக்கம் கடலுக்குப் போகத் தடை. அவருடைய படகு மணலில் கிடந்தது. நான் இங்கே, அவர் வருகிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கரையைப் பார்த்தால் போதும் என்று நினைத்திருந்தேன். போதவில்லை. எனக்கு அந்தக் கரைதான் வேண்டியிருந்தது. அழுதுவிட்டேன். எனக்கும் சத்தி வருகிறது என்று நினைத்து எல்ஃபி வேகத்தைக் குறைத்தார்.

கிட்ட வரும்போது ஒன்றைக் கண்டேன். அன்ரன் எங்களைக் கூப்பிட வாயைத் திறந்தான். குணா அவன் வாயைக் கையால் பொத்தினார். படகு தட்டும்வரை கூப்பிடக் கூடாது என்று, விடுதிச் சமையலறையில் கிழங்கு சீவிக்கொண்டு எப்போதோ நான் சொன்ன கதை. தோட்டக்காரர் அதைக் காப்பாற்றி வைத்திருந்தார். படகு துறையில் முட்டியது. கயிறு அவர் கைக்குப் போனது.

"என்ன பாடு?" என்றார்.

"ஒரு முரல்" என்றேன்.

பிறகு குணா என் காதோடு, விலை குறையும்வரை மறுபடியும் ஒன்றும் செய்யாமல் நிற்கச் சொன்னார். காலம் கடந்துவிட்டது. நான் படகில் வைத்தே எல்ஃபிக்கு 'யா', ஓம் என்று, சொல்லியிருந்தேன்.

படகை எல்ஃபியுடைய துறையிலேயே வாடகை கொடுத்துக் கட்டிவைத்தோம். ஐந்நூறு கிலோமீற்றருக்குப் படகை இழுத்துக்கொண்டு திரிவது விசர்வேலை. வருடத்துக்கு மூன்று நாலு தடவை போனோம். ஆகவே கேட்டவர்களுக்கு: படகைத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், ஓட்டிக் காட்டாதவரிடம் வாங்காதீர்கள். உட்காருகிற இடத்தைவிட நிற்கிற இடத்தைப் பாருங்கள். திரைக்கு மயங்காதீர்கள். பிள்ளைகளுக்கு அளவான மிதவைச் சட்டையைப் படகுக்கு முதலே வாங்குங்கள். மே மாதம் போனால் முரல் வரும்.

கடைசியாக ஒன்று. எல்லோரும் ஒன்றாகப் படகில் ஏறிப் போகாதீர்கள். ஒருவரைக் கரையில் நிறுத்திவிட்டுப் போங்கள். இதைப் பாதுகாப்புக்காக எழுதுகிறேன் என்று நினைத்தால், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.