தோய்க்காத ஸ்வெட்டர்

வியாழக்கிழமைப் பின்னேரங்கள் எனக்குச் சொந்தமானவை. அம்மா வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, வாரத்தில் அந்த அரை நாளும் ஞாயிறும்தான் விடுமுறை கொடுப்பார். இத்தாலியில், ஒரேத்தோ தெருவில் இருந்த எங்கள் வீட்டுப் பல்கனியில் அம்மா எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவார்.

எனக்கு எட்டு வயதான கோடையில் டென்மார்க்கிலிருந்து பெரியம்மாவின் மகள் வந்தாள். பெரியம்மாவுக்குச் சுகமில்லையாம், கொஞ்ச நாள் அக்கா எங்களோடு இருப்பாளாம். முதல் வியாழனே அம்மாவின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் "பிறகு" என்றார் அம்மா.

அக்கா சொல்லித்தந்த டேனிஷில் ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. ஒரு பொருள் உன்னுடையதா, உன் பெயரின் கடைசியில் 'ஸ்' ஒட்டி, அடுத்ததாகப் பொருளைச் சொல். இத்தாலியனில் பொருள் முன்னால், ஆள் பின்னால். டேனிஷில் தமிழைப் போல ஆள்தான் முன்னால். 'அந்த' என்பதற்காகப் பொருளின் பின்னால் தொங்கும் சின்ன வாலும், சொந்தக்காரர் வந்ததும் விழுந்துவிடும். 'த்ரோயென்' என்றால் அந்த ஸ்வெட்டர். அம்மாவின் ஸ்வெட்டர் என்றால் 'மோர்ஸ் த்ரோயெ'.

மேசை, மின்விசிறி, பல்கனி என்று எல்லாவற்றுக்கும் முன்னால் என் பெயரையும் 'ஸ்'ஸையும் வைத்தேன். கடைசியில் அம்மாவின் தோளைத் தொட்டேன்.

"இவவும் என்ரை."

"ஓம், ஆர் இல்லையெண்டது?" என்றாள் அக்கா.

சண்டைக்கு வராதவளோடு எப்படிச் சண்டை பிடிப்பது? தன் பெயரில் அவள் எதையுமே கேட்கவில்லை. தான் கொண்டுவந்த சாம்பல் நிறக் கம்பளி ஸ்வெட்டரைத் தடவி, "மோர்ஸ் த்ரோயெ" என்று மட்டும் சொன்னாள். ஓகஸ்ட் வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் படுத்தாள். டென்மார்க் பெருமை காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு காலை போன் வந்தது. பெரியம்மா செத்துப்போனார் என்றார்கள். பெரியவர்கள் அழுதார்கள். அக்காவுக்கு டிக்கெட் போட்டார்கள். பை அடுக்கும்போது ஸ்வெட்டரை மோந்து பார்த்தேன். பெரியம்மா பூசும் கிறீமின் மணமும் வியர்வையும்.

"அம்மா, இது நாறுது. தோய்க்கப் போடுங்கோ."

"அது தோய்க்கிறேல்லை. நீ சும்மா இரு."

அம்மா அதை மடித்துப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்றுப் போகாமல் இறுக்கி முடிந்தார். என் சட்டையில் ஒரு சொட்டுத் தக்காளிச் சாறு பட்டாலே உரிந்தெடுப்பவர் அவர். அக்காவின் அழுக்குக்கு மட்டும் இவ்வளவு மரியாதை!

அவள் போன மறுநாள் நானும் என் சட்டையைக் கழற்ற மறுத்தேன். அம்மா கேட்கவில்லை. பிடித்துக் கழற்றி மெஷினுக்குள் போட்டார். எனக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை இல்லை என்று அன்று முழுவதும் அழுதேன்.