கலை மையத்துக்குச் சாமி வந்த மதியம்

என் அத்தை செல்லாயிக்குச் சாமி வந்தபோது அரங்கில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

ஈப்போ பழைய நகரத்தில் ஒரு பழைய ஈயக் கிடங்கைப் புதுப்பித்துக் கலை மையமாக்கியிருக்கிறார்கள். முன்பக்கம் ஓவியக்கூடம், ஓரத்தில் காப்பிக் கடை, பின்னால் அரங்கம். அங்கே நான் நிகழ்ச்சி உதவியாளன். எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லாமல் எனக்குப் பேச்சு ஓடாது. கழுத்தில் அட்டை தொங்க நான் வேலை பார்க்கும் இடத்தை அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று வெகு நாளாக ஆசை.

அத்தை சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். அவர் வாய்க்குப் பயந்து கணக்குப் பார்க்கிற கிராணியே அவருடைய மர நிறைப் பக்கம் வரமாட்டார் என்பார்கள். ஆனால் தோட்டத்தில் அவருக்குக் கிடைத்த மரியாதை வாயால் வந்ததல்ல. ஆடித் திருவிழாவில் உறுமி அடித்தால் முனியாண்டி அவர்மேல்தான் இறங்குவார். சனம் வரிசையில் நின்று குறி கேட்கும். எனக்குப் பெரிய பரீட்சை வந்த வருஷம் அப்பா என்னையும் கொண்டுபோய் நிறுத்தினார். “எழுதுடா, நான் பாத்துக்குறேன்” என்றார் முனியாண்டி. எழுதினேன். பட்டம் வாங்கிய கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். லயத்து ஆட்களெல்லாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் போனோம். முனியாண்டிக்கும் அங்கே டைல்ஸ் பதித்த புதுக் கோயில் கிடைத்தது. கோயில் கமிட்டி குருக்களை வரவழைத்தது. உறுமி கூடாது, சாமியாட்டம் கூடாது என்று வாசலில் பலகை மாட்டியது. அன்றிலிருந்து அத்தைமேல் சாமி இறங்கவில்லை. அத்தை பள்ளிக்கூடக் கென்டீனில் வேலைக்குச் சேர்ந்தார்.

“என்னா செல்லாயி, ஒங்காளு பென்ஷன் வாங்கிட்டாரா?” என்று தாமானில் கேலி பேசுவார்கள்.

“ஆமா, ஒன் புருஷனத் தொணைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாரு” என்பார் அத்தை.

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பாமலேயே என்னைக் கேட்டார்: “நான் என்ன தப்புப் பண்ணேன் மருமவனே? ஏன் என்ன விட்டுட்டுப் போயிட்டான்?” படித்தவன் பதில் சொல்வான் என்று நினைத்தார் போல. நான் மீதித் துணியை எடுத்துக் கொடுத்தேன்.

போன சனிக்கிழமை மதியம் அத்தையை மையத்துக்கு அழைத்து வந்தேன். சித்தியவான் உறுமிக் குழு ஒன்றின் நிகழ்ச்சி, மறுநாளும் உண்டு. ஓவியக்கூடத்தில் ஒரு வெள்ளைப் பீடத்தின்மேல் மரத்தில் பால் பிடிக்கிற பழைய மங்கு ஒன்றை வைத்து விளக்குப் போட்டிருந்தார்கள்.

“இது எதுக்கு இங்க?”

“கலை, அத்த.”

“கழுவிக்கூட வைக்கலயே லா.”

அரங்க வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரைத் தடுத்து முன்வரிசையில் உட்கார வைத்தேன். நான் கதவருகே நின்றேன். எங்கள் நிகழ்ச்சி மேலாளர் வெண்டி அக்கா பக்கத்தில் நின்றார். ஈப்போ டவுனில் மாதா கோயில் பக்கத்தில் வளர்ந்தவர். உறுமியை வீடியோவில்தான் பார்த்திருக்கிறார். வீடியோவில் கேட்டதிலேயே உக்கிரமான அடியாகப் பார்த்து, கடைசியாக அதை வாசியுங்கள் என்று குழுவைக் கேட்டிருந்தார்.

அது வருணிப்பு அடி. சாமியை அழைக்கிற அடி. அதைக் காட்சிக்கு வாசிப்பதில்லை. வாசிக்கிறவனுக்கும் இது தெரியும். குழுத் தலைவன் விக்னேஸ்வரன் பிற்பாடு என்னிடம், “ஏர்கோன் ஹால்தானேண்ணே, யாருக்கு வரப்போவுதுன்னு நெனச்சேன்” என்றான்.

அந்தக் கடைசி அடிக்கு உறுமி முனகத் தொடங்கியது. அத்தையின் முதுகு நிமிர்ந்தது. கொண்டை அவிழ்ந்தது. அடுத்த நொடி ஒரு கூச்சல். அந்தக் குரலைத் தோட்டத்தை விட்டு வந்த பிறகு நான் கேட்டதில்லை. அத்தை மேடையில் ஏறி, இடுப்பில் கை வைத்து நின்று, இருட்டில் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார்.

“கூப்ட்டீங்கல்ல? வந்துட்டேன். என்னடா வேணும்?”

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒருவர் விசிலடித்தார். கைப்பேசிகள் உயர்ந்தன.

“தனேஸ், இந்த ஆன்ட்டி ப்ரோக்ராம்ல இருக்காங்களா?” என்றார் வெண்டி அக்கா.

“எங்க அத்தக்கா. சாமி வந்துருச்சு.”

அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. “சரி, லைட்ட ஆஃப் பண்ணச் சொல்றேன். எல்லாத்தயும் நிறுத்திடலாம்.”

“வேணாம்!”

சாமி விட்டுப் போவதை எங்கள் ஆட்கள் மலையேறுவது என்பார்கள். அதற்குமுன் உறுமியை நிறுத்தினால் ஆள் மரம் மாதிரி சாய்ந்துவிடுவார். தோட்டத்தில் அப்படிச் சாய்ந்த ஒருவர் பிறகு சரியாகவே இல்லை. நான் கழுத்து அட்டையோடு மேடைக்கு ஓடி, “விக்கி, நிப்பாட்டாத! அடி!” என்று கத்தினேன். அவன் முகம் வெளுத்திருந்தது. கை மட்டும் நிற்கவில்லை. நான் காப்பிக் கடைக்கு ஓடி ஓர் எலுமிச்சம்பழம் பிடுங்கி வந்தேன். திருநீறும் சூடமும் விக்கியின் மடியிலேயே இருந்தன. உறுமிக்குப் பூசை போடாமல் அவர்கள் தொடமாட்டார்கள்.

“ஐயோ, நெருப்பா? ஸ்மோக் சென்சார் இருக்குப்பா! தண்ணி கொட்டும், படமெல்லாம் போயிரும்!” என்று வெண்டி அக்கா குறுக்கே நின்றார்.

ஆகவே சாமியைத் தெருவுக்குக் கொண்டுபோனோம். எலுமிச்சம்பழத்தைக் காட்டிக்கொண்டே நான் பின்னோக்கி நடக்க, சாமி ஆடி வர, உறுமிக்காரர்கள் அடித்தபடி தொடர, ஓவியங்களின் முன்னால் வெண்டி அக்கா கையை விரித்து நிற்க, டிக்கெட் வாங்கிய கூட்டம் மொத்தமும் எங்கள் பின்னால் வந்தது. எதிர்த்த கோப்பித்தியாம் கடையில் மீ சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் வைத்துச் சூடம் ஏற்றினேன்.

“என்னடா வேணும்?” சாமி என் கண்ணைப் பார்த்து மறுபடி கேட்டது.

“ஒண்ணும் வேணாம் சாமி. தெரியாமக் கூப்ட்டுட்டாங்க. மலையேறிக்குங்க.”

நெற்றி நிறையத் திருநீறு பூசினேன். எரிகிற சூடத்தை எடுத்து நாக்கில் போட்டு விழுங்கியது சாமி. உறுமி அடங்கியது. அத்தை என் தோளில் சரிந்தார். மூச்சு இருந்தது. என் சட்டை தொப்பலாகிவிட்டிருந்தது.

கடைக்காரர் கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்ததும் அத்தை தன் நாக்கைத் தொட்டுப் பார்த்தார். சூட வாசனை. அவர் கண் கலங்கியது.

“வந்தானா?”

“வந்தாரு.”

“இங்கயா? இந்த டவுனுக்கா? நெசமாவா?” என் கையைப் பிடித்துக்கொண்டார். “என்ன கேட்டான்?”

“என்ன வேணும்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

“ஒண்ணும் வேணாம்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

பின்மண்டையில் பளாரென்று ஓர் அடி விழுந்தது.

“அட கூறுகெட்டவனே! இத்தன வருஷம் கழிச்சு வந்து என்ன வேணும்னு கேக்குறான், ஒண்ணும் வேணாம்னா சொல்லுவ? இதுக்கா ஒன்னப் படிக்க வச்சோம்?”

வெண்டி அக்கா மெல்லப் பக்கத்தில் வந்தார். அவரும் அழுதிருந்தார். “தனேஸ், தப்பா எடுத்துக்காத. எல்லாரும் கேக்குறாங்க. நாளைக்கு ஷோவுக்கும் ஆன்ட்டி இதே மாதிரி...”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! “அக்கா, இது கூத்து இல்ல. கூப்ட்ட நேரத்துக்கெல்லாம்...”

“சும்மா இருடா.” அத்தை தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டே எழுந்தார். “எத்தன மணிக்கு அம்மா?”

“மூணு மணி, ஆன்ட்டி.”

“வாரேன். சூடத்த இங்கயே வெளிய வச்சிக்குங்க.” என் பக்கம் திரும்பினார். “எனக்கு நெனவு இருக்காது. நீதான் கிட்ட நிக்கணும். இந்தத் தடவ வேணாம்னு சொல்லாத, கேளு. ஏன் இத்தன நாளா வரலன்னு கேளு.”

நான் அடி விழுந்த இடத்தைத் தடவினேன்.

“கேப்பியா?”

“கேக்குறேன் அத்த.”

வெண்டி அக்கா கைப்பேசியைத் திறந்து, நாளைக்கு எத்தனை நிமிடம் ஒதுக்கட்டும் என்றார். முனியாண்டி பதில் சொல்கிற வரைக்கும் என்றேன்.