அடுப்பை அணைக்கச் சொன்ன மைனா

ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய அந்தக் கோடையில், நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகத்தின் முதலாளி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறிவிட்டார். அம்பத்தூரில் ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் குடியிருந்த எனக்கு, திடீரென்று பகல் முழுவதும் சொந்தமாயிற்று. அதை எப்படிப் பாழாக்குவது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய, அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் நாவல் கையிலிருந்தது. சுக்கிர கிரகத்து ஜனங்கள் பறக்கும் கப்பலில் வந்து பூமியில் இறங்குகிற கதை. அவர்களுக்குப் புகை ஆகாது. அதனால் இறங்கியதும் முதல் கட்டளையாக உலகத்து அடுப்புகளையெல்லாம் அணைக்கச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று, பலகாரத்தைப் பதுக்கித் தின்பது போலப் படித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வேலை, மைனா வளர்ப்பு. காக்கை கொத்திக் கீழே தள்ளிய குஞ்சை எடுத்து ஆளாக்கியிருந்தேன். ஊரில் மற்றவர்கள் வளர்த்த கிளிகள் சாமி பேர் சொல்லின. என் மைனாவோ வாழைப்பழத் துண்டுக்கு ஆசைப்பட்டு, தொண்டை கட்டிய ஆம்பிளைக் குரலில், "எறங்கிட்டோம்! அடுப்ப அணை!" என்று முழங்கக் கற்றுக்கொண்டது.

"ஏங்க, நான் உலை வைக்கும்போதெல்லாம் இது அணை அணைங்குது" என்றாள் என் மனைவி. "ஒருநாள் நெஜமாவே அணைச்சிட்டு, உங்களுக்கும் அதுக்கும் வாழைப்பழத்தையே போட்டுடறேன்."

இந்த நிலையில்தான் அவளுடைய அண்ணன் பட்டணத்தைக் காலி செய்துகொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றே என் சாய்வு நாற்காலி அவருடையதாகிவிட்டது. "ஜப்பான்காரன் மட்டும் என் எதிர்ல வரட்டும் மாப்ளே" என்று கைத்தடியைச் சுழற்றுவார். அப்படியானால் ஏன் ஓடிவந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. என் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சுக்கிரன்ல ஜனமா? கல்யாணமான ஆளு படிக்கிற புஸ்தகமா இது?" என்றார். அது என் மனசில் தைத்தது.

மைனாவைக் காலையில் கூண்டிலிருந்து திறந்துவிடுவது என் வழக்கம். ஏரிக்கரைப் பக்கம் பூச்சி பொறுக்கிவிட்டு, காப்பி நேரத்துக்குத் திரும்பி வந்துவிடும். மச்சான் வந்ததிலிருந்து, புது ஆளைக் கண்ட மிரட்சியில் வீட்டுக்குள் அது வாயே திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்ததும் மச்சான் செம்பை எடுத்துக்கொண்டு அதே கரைக்குக் கிளம்பினார். மைனா அங்கே சுற்றிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வரவில்லை என்ன, நான் வரவிடவில்லை.

கால் மணி நேரத்தில் தெருக்கோடியில் கூச்சல். மச்சான் வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். செம்பைக் காணோம்.

"எறங்கிட்டான்! ஜப்பான்காரன் ஏரிக்கரைல எறங்கிட்டான்! ஈச்சம்புதர்ல இருந்து தமிழ்லயே பேசறான்! அடுப்பெல்லாம் அணைங்க!"

மைனா எங்கள் வீட்டுக்கு மட்டும் இட்ட கட்டளையை அவர் தெரு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். வீட்டுக்கு வீடு தண்ணீர் சுர்ரென்று கொள்ளியில் விழுந்தது. எதிர்வீட்டு விவசாயி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையை நோக்கி நடந்தார். நான் உள்ளே போய்த் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன்.

சிரித்து முடித்து வெளியே வந்தபோது, மச்சான் எங்கள் வாசற்படியில் உலக்கையோடு நின்றார். வேட்டியை இன்னும் சரியாகக் கட்டியிருக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே தங்கையிடம், "நீயும் மாப்பிள்ளையும் கொல்லை வழியா ஓடிடுங்க. நான் இங்க நிக்கிறேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வற்றிப்போயிற்று. "மச்சான்..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் விவசாயி திரும்பிவிட்டார். தோளில் மண்வெட்டிக்குப் பதிலாக மைனா.

"இன்னா அண்ணாத்தே, ஒன் பட்சிதானே இது? பொதர்ல குந்திகினு எனக்கே ஆர்டர் போடுது. தெருவுல ஒரு ஊட்லயும் அடுப்பு எரியல. எம் பொண்டாட்டி களிய பாதில எறக்கி வெச்சிட்டு, கடப்பாறைய தூக்கிகினு நிக்கிறா. நீயே வந்து சொல்லு. நான் சொன்னா அது என் மண்டைலதான் எறங்கும்."

"அடுப்ப அணை!" என்றது மைனா, மச்சானைப் பார்த்து.

அவர் உலக்கையை மெதுவாகச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனார். நான் வீடு வீடாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒவ்வொரு வீட்டிலும் என் படிப்பையும் வயதையும் சேர்த்து வைத்துத் திட்டினார்கள். திரும்பி வந்தால் மனைவி நனைந்த விறகைக் காட்டினாள். "தெருவுக்கே அணைச்சீங்கல்ல, இப்ப பத்தவைங்க." மத்தியானம் வரை ஊதினேன். புகை ஆகாத கிரகத்துக்காரர்கள் மேல் எனக்கு அனுதாபமே பிறந்துவிட்டது.

மச்சானிடம் போய், "மைனா கரையில இருக்கும்னு எனக்குத் தெரியும் மச்சான். தெரிஞ்சேதான் சும்மா இருந்தேன். நீங்க வாசல்ல நின்னதைப் பாத்ததும் வெக்கமாப் போச்சு" என்றேன். இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "அவங்களுக்கு ஏன் புகை ஆகாது?"

விளக்கினேன். "மடத்தனம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார். "குடு, அந்தப் புஸ்தகத்தை."

இங்கிலீஷ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர், வேகமாகப் படிப்பார். நான் பாதியில் நிறுத்தியிருந்த கதையை ஒன்றரை நாளில் முடித்துவிட்டார். அன்று சாப்பாட்டில் நான் சோற்றில் ரசத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது, மிகவும் சாவதானமாக, யார் தப்பித்தார்கள், யார் செத்தார்கள், கப்பல் எப்படித் திரும்பிப் போயிற்று என்று கடைசிப் பக்கம் வரை ஒன்று விடாமல் சொன்னார். காதைப் பொத்திக்கொள்ள எனக்குக் கை காலியாக இல்லை.

"இன்னும் கொஞ்சம் ரசம் விடட்டுமா மாப்ளே?" என்று கேட்டார்.