முதலாளி தந்த நாற்காலி

செம்மொழி நிற்பதையே தொழிலாகக் கொண்டவள். தஞ்சாவூர் ஜவுளிக்கடை ஒன்றில், பட்டுப் பிரிவு. விற்கிற பெண்களும் உட்காரலாம் என்று சட்டம் வந்தது. கடைக்கு முக்காலிகளும் வந்தன. அவற்றின் மேல் புடவைப் பெட்டிகள் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டன. முதலாளி அரவிந்தனின் குரல் மாடிப்படியில் கேட்டாலே அவள் முதுகு தானாக நிமிரும். ஏழாம் மாதம், அப்படி நிமிர்ந்து நின்றபோதுதான் வலி கண்டது.

பிறந்தவன் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கினான்.

"தூங்கும்போது மூச்சு விட மறந்துடுறான்" என்றாள் நர்ஸ் அனுராதா. "உன் நெஞ்சோட ஒட்டிக் கிடந்தா ஞாபகம் வந்துடும். சாஞ்சு உக்காரும்மா. நீதான் இப்ப மருந்து."

மருந்து சாய்ந்து உட்கார்ந்தது. அந்நேரம் பார்த்துப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். மருந்து விருட்டென்று எழுந்து நின்றது. மூக்கிலிருந்த குழாய் நழுவ, கருவி அலற, பிள்ளையின் உதடு நீலம் பாரித்தது. பிடுங்காத குறையாக வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

"ஏம்மா எந்திரிச்ச?"

"தெரியல சிஸ்டர். காலு தானா எந்திரிச்சிடுச்சு."

"கலெக்டரே வந்தாலும் எந்திரிக்காத. இன்னொரு தடவை இவன் தாங்க மாட்டான்."

அன்றெல்லாம் கண்ணாடிக்கு வெளியே நின்றாள். நிற்பதில் அவளுக்குக் குறையேது? மறுநாள் பிள்ளையைத் திரும்பத் தந்தார்கள்.

அடுத்த வாரம் வார்டுக்குத் தருமமாகச் சாய்வு நாற்காலிகள் வந்தன. தலை சாய்க்கும் இடத்தில் தங்க எழுத்தில் கடையின் பெயர். தந்த வள்ளல், கடைப் பெண்களின் கால்களை நன்கறிந்த அதே அரவிந்தன். முகக்கவசமும் போட்டோக்காரருமாக வந்தார். காத்திருந்த தாய்மார்கள் எழுந்து நின்றார்கள். செம்மொழி மட்டும் பிள்ளையை நெஞ்சோடு அணைத்து, புது நாற்காலி ஒன்றில் சாய்ந்திருந்தாள்.

"அட, நம்ம பட்டு செக்‌ஷன் பொண்ணு! கொஞ்சம் எந்திரிம்மா, பேரு மறையுது. ஒரே ஒரு போட்டோதான்."

செம்மொழியின் கெண்டைக்கால் இறுகியது. குதிகால் தரையில் ஊன்றியது. அப்போது நெஞ்சின் மேல் அந்தச் சிறு மூச்சு நின்றது. அவள் அசையவில்லை. ஒற்றை விரலால் பிள்ளையின் முதுகை வருடினாள். வருடிக்கொண்டே இருந்தாள். கழுத்தெலும்பில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது. பின்னாலேயே இன்னொன்று.

"முடியாதுங்க முதலாளி. பிள்ள மூச்சு விட்டுக்கிட்டிருக்கான்."

படம் எடுத்தாயிற்று. அதில் கடையின் பெயர் அவள் தலைக்குப் பின்னால் பத்திரமாக இருக்கிறது. முதலாளி நிற்கிறார். செம்மொழி உட்கார்ந்திருக்கிறாள்.